நாகசாகிக்கு யார் முடிவெடுத்தது?

ஆகஸ்ட் வந்தாலே இந்த வாதமும் வந்துவிடும். 1945-இல் ஹிரோஷிமா, நாகசாகி மேல் அணுகுண்டு போடாவிட்டால் அமெரிக்கப் படை ஜப்பானில் தரையிறங்கியிருக்கும், லட்சக்கணக்கானோர் செத்திருப்பார்கள், அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு வேறு வழியில்லை என்பார்கள்.

இதை நான் லேசாகத் தள்ளவில்லை. ஜப்பானின் ஒகினாவா தீவுச் சண்டையில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். அங்கிருந்த பொதுமக்கள் அதைவிடப் பல மடங்கு. சயாம் (தாய்லாந்து) ரயில்பாதை வேலையில் மலேயாத் தமிழர்களைக் கொத்துக்கொத்தாகச் சாகவிட்டதும் ஜப்பானிய ராணுவம்தான். போர் ஒரு நாள் முன்னால் முடிந்தாலும் ஆசியாவுக்கு நல்லதுதான்.

சரி, ஹிரோஷிமாவுக்கு அந்த நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். நாகசாகிக்கு?

1945 ஜூலை 25 தேதியிட்ட ராணுவ உத்தரவு சின்னதுதான். ஆகஸ்ட் 3 வாக்கில் வானம் தெளிந்ததும் ஹிரோஷிமா, கொகுரா, நீகாட்டா, நாகசாகி இவற்றில் ஒன்றின் மேல் முதல் குண்டு. அடுத்த குண்டுகள் தயாராகத் தயாராகப் போட வேண்டும். முதல் குண்டுக்குப் பிறகு நிறுத்தி, டோக்கியோ என்ன சொல்கிறது என்று பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட அதில் இல்லை. ஜப்பானைச் சரணடையச் சொன்ன போட்ஸ்டாம் பிரகடனமே மறுநாள்தான் வந்தது!

இரண்டாவது குண்டுக்குக் குறித்த நாள் ஆகஸ்ட் 11. வானிலை கெடப்போகிறது என்று 9-ஆம் தேதிக்கு முன்னால் இழுத்தார்கள். அன்றைய இலக்கும் கொகுராதான். புகையும் மேகமும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குப் போனது. காலை 11:02.

அன்று விடியும் முன்பே சோவியத் படை ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் நுழைந்துவிட்டது. டோக்கியோவில் சரணடைவது பற்றிப் ஜப்பானின் உச்சப் போர்க் குழுவின் ஆறு பேர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நாகசாகிச் செய்தி வந்தது. அதற்குப் பிறகும் மூன்றுக்கு மூன்று என்றே நின்றார்கள். கடைசியில் நள்ளிரவு தாண்டி, பேரரசர் சொல்லித்தான் இழுபறி தீர்ந்தது.

ஆக, வானிலையும் தொழிற்கூடமும் சேர்ந்து தேதி குறித்த குண்டு அது. இதை ‘கடினமான முடிவு’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. முடிவெடுக்கத் தெரியாதவர்களா அமெரிக்கத் தலைவர்கள்? கியோட்டோ பழம்பெருமை வாய்ந்த நகரம் என்பதற்காகப் போர் அமைச்சர் ஸ்டிம்சன் மன்றாடி, ட்ரூமன் வரை போய், பட்டியலிலிருந்து அதை எடுக்க வைத்தார். ஒரு நகரத்துக்காக அப்படி யோசிக்க முடிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 10-ஆம் தேதி ட்ரூமன், தன் அனுமதியில்லாமல் இனி அணுகுண்டு போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குள் நாகசாகி எரிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.