இயர்பட்ஸ் வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

2,000 ரூபாய்க்குள் இயர்பட்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை, கடையில் பெட்டியைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பிடியுங்கள். முன்பக்கம் முழுக்க விளம்பரம்தான். 13 எம்எம் டிரைவர், 60 மணி நேரம், 40 மில்லிசெகண்ட் தாமதம், அதிரடி பேஸ் (அடித்தொனி). பெரும்பாலும் பொய் இருக்காது. ஆனால் நாம் நினைத்துக்கொள்கிற அர்த்தத்திலும் இருக்காது.

அந்த 60 மணி நேரத்தையே எடுத்துக்கொள்வோம். அது சார்ஜிங் டப்பாவையும் சேர்த்த கணக்கு. காதில் மாட்டிய பட்ஸ் ஒரு சார்ஜில் ஆறேழு மணி நேரம் ஓடினாலே நல்லது. மீதியெல்லாம் டப்பாவில் திரும்பத் திரும்பப் போட்டு ஏற்றிக்கொள்வதில் வருகிறது. அதுவும் வால்யூமைப் பாதியில் வைத்து அளந்ததாக எங்கோ பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். டிரைவர் அளவும் அப்படித்தான். ஒலியெழுப்பும் தகட்டின் குறுக்களவு அது, தரத்துக்கான மார்க் கிடையாது. பெட்டியில் 4,990 என்று அடித்து 1,299-க்குத் தருகிறார்களே, அந்த 4,990 கொடுத்து யாராவது வாங்கி நீங்கள் பார்த்ததுண்டா?

அதிகம் பேர் ஏமாறுவது ஏஎன்சி, ஈஎன்சி என்ற இரண்டு சுருக்கெழுத்துகளில்தான். ஏஎன்சி நம் காதுக்கானது. வெளியிலிருந்து வரும் இரைச்சலை மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே அனுப்பி அடக்கும். ஈஎன்சி எதிர்முனையில் இருப்பவருக்கானது. நாம் பேசும்போது நம்மைச் சுற்றியுள்ள சத்தத்தை வடிகட்டி அனுப்பும். நமக்கு அதனால் ஒரு அமைதியும் வராது. விலை குறைந்த பெட்டிகளில் ‘நான்கு மைக் ஈஎன்சி’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். வாங்கிப் போனவர் மறுநாள் வந்து, “பஸ் சத்தம் அப்படியே கேக்குதே தம்பி” என்பார். கடைக்காரத் தம்பிக்கே வித்தியாசம் தெரியாது, பாவம்.

சரி, கொஞ்சம் கூடப் போட்டு ஏஎன்சி உள்ளதையே வாங்கினால்? அது நன்றாக வேலை செய்வது தாழ்ந்த, ஒரே சீரான இரைச்சலில்தான். ஏசி, மின்விசிறி, ரயில் பெட்டியின் உறுமல், பஸ் இன்ஜின். திடீரென்று அலறும் ஹாரன், குழந்தையின் அழுகை, பக்கத்து சீட்காரர் சத்தமாக ஓடவிடும் ரீல்ஸ், இவையெல்லாம் அதன் கைக்கு அடங்குவதில்லை. நம் ஊர் டவுன் பஸ்ஸில் தொல்லையே இந்த இரண்டாவது வகைதானே! பெட்டியில் போடுகிற ‘32 டெசிபல் வரை’ என்பதும் ஏதோ ஒரு தாழ்ந்த அலைவரிசையில் கிடைத்த உச்சம். அந்த ‘வரை’யை மறக்க வேண்டாம். அதனால் இந்த விலையில் ஏஎன்சிக்காக நான் கூடுதலாகக் காசு கொடுக்க மாட்டேன்.

கூர்மையான சத்தங்களைத் தடுப்பது பட்ஸின் முனையில் மாட்டும் அந்தச் சின்ன சிலிகோன் டிப்தான். ஒலித்தரத்தில் பாதியும் அதன் கையில்தான் இருக்கிறது என்பேன். பெட்டிக்குள் சின்ன பாலிதீன் உறையில் மூன்று அளவு டிப் வரும். நடு அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும். மற்றதைப் பலர் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் “பேஸே இல்ல, டப்பா செட்டு” என்று ஒற்றை ஸ்டார் போடுகிறார்கள். டிப்புக்கும் காதுக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது பேஸ்தான்.

சோதிப்பது சுலபம். காதில் வைத்து லேசாகத் திருகுங்கள். பாட்டு எதுவும் போடாமல் சத்தமாக நான்கு வார்த்தை பேசுங்கள். விரலால் காதை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் உங்கள் குரலே உள்ளே முழங்கினால் அளவு சரி. சாதாரணமாகக் கேட்டால் அடுத்த அளவை மாட்டிப் பாருங்கள். வலது காதுக்கு நடு அளவும் இடது காதுக்குப் பெரியதும் தேவைப்படலாம், அதில் ஒன்றும் தப்பில்லை. எந்த அளவும் சேராதவர்கள், அரை மணி நேரத்தில் காது வலிக்கிறவர்கள், டிப் இல்லாத மாடலுக்குப் போகலாம். ஆனால் அதில் வெளிச் சத்தம் தாராளமாக உள்ளே வரும், பேஸும் குறையும் என்று தெரிந்தே போக வேண்டும்.

இதில் காதின் நலமும் இருக்கிறது. டிப் சரியாக அடைக்காவிட்டால் பஸ் சத்தத்தை முந்துவதற்காக வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 75. ஒலி 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும்.

பாட்டு கேட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் கடைக்காரர் போடுகிற குத்துப் பாட்டை நம்பாதீர்கள். அதில் எல்லா செட்டும் அதிரும். மிருதங்கம் உள்ள கச்சேரிப் பதிவு ஒன்றைப் போடுங்கள். தொப்பியின் (இடது பக்கத்தின்) கும்கி என்ற ஆழ்ந்த ஒலி வலந்தலைச் (வலது பக்கச்) சொற்களையும் பாடகர் குரலையும் மூடிவிட்டால் பேஸை வேண்டுமென்றே தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்டேக் போன்ற கோடெக் (ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) விவகாரங்களை இந்த பட்ஜெட்டில் மறந்துவிடலாம். ஐபோனில் அது வேலையே செய்யாது.

உண்மையில் நம்மில் பலர் பாட்டைவிட அதிகம் கேட்பது யூடியூப் பேச்சும் போன் காலும்தான். அதற்கு மைக் முக்கியம். எதிர்முனையில் ஒருவரை வைத்துக்கொண்டு, தெருவில் நடந்தபடி பேசிப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும். காற்று வீசினால் மலிவான மைக் எல்லாம் ஒரே இரைச்சல்தான். கால் வந்ததும் ஒலி தட்டையாகிவிடுகிறதே என்று கோளாறு தேடாதீர்கள். மைக் வேலை செய்யும்போது ப்ளூடூத் வேறு முறைக்கு மாறி ஒலியின் தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. இன்னொரு தொல்லை தொடு பொத்தான். பேசிக்கொண்டிருக்கும்போது பட்ஸைச் சரிசெய்யத் தொட்டால் கால் கட்டாகிவிடும். அம்மா அப்பாவுக்கு வாங்குவதாக இருந்தால், அதை அணைத்துவைக்க ஆப்பில் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அவர்களுக்கு நெக்பேண்ட் இன்னும் நல்லது என்பது என் கட்சி. உணவு டெலிவரி செய்கிற தம்பிகளையும் ஆட்டோக்காரர்களையும் கவனியுங்கள், பலர் கழுத்தில் தொங்குவது நெக்பேண்ட்தான். நாளெல்லாம் உழைக்கிறவர்களின் தேர்வு அது. பேட்டரி பெரியது, அழுத்துவதற்கு நிஜப் பொத்தான் இருக்கிறது, ஒற்றைப் பட்ஸ் கழன்று சாக்கடையில் விழாது. ஃபேஷன் இல்லை என்பதைத் தவிர அதில் என்ன குறை?

இனி பெட்டியின் பின்பக்கம். தயாரித்த மாதமும் ஆண்டும் அங்கே இருக்கும். உள்ளே இருப்பது மிகச் சின்ன லித்தியம் பேட்டரி. சும்மா கிடந்தாலும் வயதாகும், மாற்றவும் வழியில்லை. இரண்டு வருடம் முன்பு தயாரித்ததைத் தள்ளுபடியில் தந்தால் எனக்கு வேண்டாம். இன்னும் ஆயிரம் போட்டால் நல்லதாக வருமே என்று ஏறிக்கொண்டே போகாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். 6,000 ரூபாய் பட்ஸின் பேட்டரியும் இரண்டு மூன்று வருடத்தில் களைத்துப்போகும்.

பக்கத்திலேயே இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணை அடித்தால் யார் பெயரில் பதிவானது என்று காட்டும். சென்னை ரிச்சி தெருவில் 600 ரூபாய்க்குக் கிடைக்கும் ‘மாஸ்டர் காப்பி’ ஏர்பாட்ஸிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. டப்பாவைத் திறந்ததும் போனில் பாப்-அப் வருகிறதே என்று மயங்க வேண்டாம், அதை வரவழைப்பது பெரிய வித்தை இல்லை.

வியர்வைக்கு ஐபிஎக்ஸ்4 என்ற நீர்த்தடுப்புத் தரம் போதும். அதில் ‘எக்ஸ்’ என்றால் தூசிக்குச் சோதிக்கவில்லை என்று பொருள். குளிக்கும்போது போட அது அனுமதி இல்லை.

ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது என்று சர்வீசுக்கு ஓடும் முன் பட்ஸில் ஒலி வரும் இடத்தில் உள்ள வலையைப் பாருங்கள். பல நேரம் காதுக் குறும்பி அடைத்திருக்கும். பட்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்துக் காய்ந்த பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும், தண்ணீர் கூடாது. ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை என்றால் டப்பாவுக்குள் உள்ள பொன்னிற முனைகளில் வியர்வை படிந்திருக்கலாம். உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது ‘ரிட்டர்ன்’ என்று போட்டிருக்கிறதா, ‘ரீப்ளேஸ்மென்ட் மட்டும்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் காதுக்குச் சேராவிட்டாலும் அதே மாடல்தான் திரும்ப வரும். கடையில் வாங்கினால் பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். வாரன்டி பெரும்பாலும் ஒரு வருடம். அந்த வழுவழுப்பான பில் தாளில் எழுத்து அதற்கு முன்பே மங்கிப்போய்விடும்.