வரையாடும் கொள்ளுகுடிப்பட்டித் தீபாவளியும்

அரையாண்டு விடுமுறையில் காரைக்குடியிலிருந்து குடும்பத்தோடு மூணாறு சென்று, இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பார்த்துத் திரும்பினோம். வந்து ஒரு வாரமாகியும் மனத்தில் கிடந்து உறுத்துவதை எழுதத்தான் வேண்டும்.

97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மலைப்பகுதி 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி அதனுள்தான் இருக்கிறது. நமது மாநில விலங்கான வரையாடு, சங்கப் பாடல்களில் வருடை என்று வருகிற அதே ஆடு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. ஒரே இடத்தில் அவை மிக அதிகமாக இருப்பது இங்கேதான்.

வனத்துறை வண்டியில் ராஜமலைக்கு ஏறி நடந்தபோது, பாதையோரத்தில் பத்தடி தூரத்தில் ஒரு பெண்ணாடு மேய்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகு ரோமத்தில் பனித்துளிகள் கோத்து நின்றன. அது புல்லைக் கடித்து இழுக்கும் அரவம்கூட எங்களுக்குக் கேட்டது. அடுத்த நிமிடமே பின்னால் வந்த ஒரு கூட்டத்தின் கைப்பேசியிலிருந்து பாட்டு அலறியது. ஆடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பாறைச் சரிவில் இறங்கி மறைந்துவிட்டது. சற்று மேலே வேறோர் ஆட்டைக் கண்டதும், அப்பத்தாவின் சம்படத்திலிருந்து கைமுறுக்கை எடுத்து நீட்டியவன் எங்கள் வீட்டுப் பையனே. "அது நம்ம வீட்டு ஆடு இல்லப்பா, உள்ள வையி" என்று அப்பத்தாதான் தடுத்தார்கள். உப்பும் எண்ணெயும் தின்று பழகிய காட்டு விலங்கு பிறகு மனிதர்களின் கையையே எதிர்பார்த்து நிற்கும் என்பதை, புறப்படும் முன்பே நான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆடுகள் குட்டி ஈனும் காலம் என்பதற்காக வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். வருமானத்தை விட்டுவிட்டு அவர்கள் அதைச் செய்யும்போது, நம்மால் இரண்டு மணி நேரம் மெல்லப் பேச முடியாதா?

முடியும் என்பதற்குச் சான்று நம் சீமையிலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகே, 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊரிலும் பட்டாசுக்கு ஏங்கும் வயதில் பிள்ளைகள் இருக்கத்தானே செய்கிறார்கள்! தொலைவிலுள்ள தேசியப் பூங்காக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் முன், முதலில் இந்தக் கரையில் ஒரு காலைப்பொழுது உட்கார வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மதுரை, மேலூர் வழியாகத் திரும்பும்போது நாங்களும் அங்கே இறங்கினோம். மரக்கிளைகளில் நத்தைகுத்தி நாரைகள் நெருக்கமாக அமர்ந்திருந்தன. முறுக்கை நீட்டிய அதே பையன், ஒரு நாரை சிறகை விரித்து இறங்குவதைக் கண்டதும் என் காதருகே வந்து, "சத்தம் போடாதீங்கப்பா" என்றான்.