கண்டுபிடிக்க விட்டிருக்கலாம்

அந்த கோகுலாஷ்டமி வீடியோவை தயவுசெய்து இனி யாரும் எனக்கு அனுப்பாதீர்கள். பார்த்துவிட்டேன். வாசலிலிருந்து பூஜை அறை வரை அரிசி மாவில் பதிந்த குட்டிப் பாதங்களை, கண்ணனே நடந்து வந்த தடம் என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஒரு பிள்ளை. "இன்னுமா நம்பிட்டிருக்க? அது உங்கம்மா கைம்மா" என்று பக்கத்து பிளாக் மாமா அவளிடம் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் சிரித்ததும் கேட்டது. பிள்ளை அதன்பிறகு மாவுப் பாதத்தைப் பார்க்கவே இல்லை, நேராக அம்மா முகத்தைப் பார்த்தாள். கீழே சிரிப்புப் பொம்மை போட்ட யார் கண்ணிலும் அது படவில்லையா?

எட்டு வயசு. இன்னும் ஒரு வருஷம், மிஞ்சிப் போனால் இரண்டு வருஷம். அவளே கண்டுபிடித்திருப்பாள். கண்டுபிடிக்க விட்டிருக்கலாம். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று பாதம் வைக்கிற கைகளுக்குத் தெரியும். ஒரு கைப்பிடி பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மைய அரைத்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, தட்டில் மெல்லிசாக ஊற்றிக்கொள்கிறோம். கையை முஷ்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை அதில் ஒற்றித் தரையில் வைக்கிறோம். இடது முஷ்டிக்கு இடது பாதம், வலது முஷ்டிக்கு வலது பாதம். மாற்றி வைத்தால் உள்ளங்கால் வளைவு வெளிப்பக்கம் போய்விடும். பிறகு விரல் நுனியால் ஐந்து பொட்டு, கட்டைவிரலுக்கு மட்டும் பெரிதாக. பாதம் வீட்டுக்குள் வருகிற மாதிரி இருக்கவேண்டும் என்பதால் பூஜை அறையில் தொடங்கி, உள்ளே பார்த்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வரவேண்டும். வாசலில் தொடங்கினால் வைத்த பாதத்தை நாமே மிதிப்போம். வைத்தவுடன் ஒன்றும் தெரியாது, வெறும் ஈரம்தான். காயக் காயத்தான் வெள்ளை ஏறும். பிள்ளையைக் குளிக்க அனுப்பிவிட்டு வைப்பதன் சூட்சுமம் அதுதான். அவள் தலை துவட்டிக்கொண்டு வரும்போது, ஒன்றுமே இல்லாத தரையில் பாதங்கள் எழும்பியிருக்கும்.

மாவு கெட்டியானால் வளைவு அடைபட்டு வெறும் உருண்டையாகிவிடும், காய்ந்ததும் வெடித்து உரியும். ரொம்ப நீர்த்தால் வழவழப்பான டைல்ஸில் ஓடிவிடும். அதெல்லாம் சரியாக அமைகிற வருஷம்தான் ஆபத்து. பதம் சரியாக இருந்தால் சுண்டுவிரல் மடிப்பின் கோடு அப்படியே தரையில் பதியும். எந்தக் குழந்தையின் காலிலும் அந்தக் கோடு கிடையாது. ஏழெட்டு வயசுப் பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்க்கும். தன் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். போன வருஷமும் இதே அளவு, இந்த வருஷமும் இதே அளவு, கண்ணன் மட்டும் வளரவே இல்லையே என்று யோசிக்கும். வெண்ணெய்க் கிண்ணத்தில் வழித்த தடம் பெரியவர்கள் விரல் அகலத்துக்கு இருப்பதையும் பார்க்கும். ஒன்றும் சொல்லாது. ஒருநாள் தனியாக முஷ்டியை மடக்கித் தண்ணீரில் ஒற்றித் தரையில் வைத்துப் பார்க்கும்.

அந்த ஒற்றல் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானது. அதைத்தான் அந்த மனிதர் பிடுங்கிக்கொண்டார்.

"பொய் சொல்லி வளர்த்தால் ஒருநாள் உடையத்தான் செய்யும்" என்று எழுதியிருக்கிறார்கள். பொய்க்கும் பாவனைக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த பெரியாழ்வார் தன்னை யசோதையாகப் பாவித்துக் கண்ணனைத் தாலாட்டினார், நீராட அழைத்தார், அவன் தளர்நடை நடக்கச் சொல்லிப் பாடினார். தான் யசோதை இல்லை என்று அவருக்குத் தெரியாதா? அவரைப் பொய்யர் என்று யாராவது சொல்வோமா? பாதம் வைக்கிற அம்மாவும் அதைத்தான் செய்கிறாள். சரி, பிள்ளை நேராக வந்து "நீதானே வெச்ச?" என்று கேட்டபிறகும் சாதித்தால் அது பொய்தான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். கேட்கிற அன்று "ஆமாம்" என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் கேட்க வேண்டியது பிள்ளை. பக்கத்து பிளாக் மாமா அல்ல.

"இது பக்தி, விளையாட்டாக்காதீர்கள்" என்கிறவர்களுக்கு: விளையாடாத கண்ணனை எனக்குத் தெரியாது.

"சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்பீர்கள். சின்ன விஷயம்தான். ஆறு வருஷமாக ஒவ்வொரு ஆவணியிலும் ஒருத்தி முதுகு வலிக்கக் குனிந்து பின்னாலேயே நகர்ந்து வந்த சின்ன விஷயம். மூன்று வயசில் அந்தப் பிள்ளையையே மாவில் நிற்கவைத்து, நிஜக் காலாலேயே நடத்திக் கூட்டி வந்திருப்பாள். அப்புறம் கால் வளர்ந்துவிட்டது, முஷ்டிக்கு மாறியிருப்பாள். அம்மாக்களுக்கு இது முடியப்போகிறது என்று தெரியும். ஒவ்வொரு வருஷமும் இதுதான் கடைசியோ என்று நினைத்தபடியேதான் அரிசியை ஊறப்போடுகிறார்கள். எப்படி முடியவேண்டும் என்று மனசுக்குள் ஒன்று வைத்திருப்பார்கள். அது கேமரா முன்னால் முடிந்துவிட்டது. அதைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்தோம்.

நல்லபடியாக முடியவும் வழி இருந்தது. பிள்ளை கேட்ட அன்று மாவுத் தட்டை அவள் கையில் கொடுக்கலாம். "இனிமே நீ வை." கட்டைவிரல் பொட்டை வளைவு இருக்கிற பக்கம் வைக்கச் சொல்லிக் கொடுத்தால் போதும், மிச்சம் தானாக வரும். அப்படியே சீடைக்கும் உட்கார வைக்கலாம். ஒரு கப் பதப்படுத்திய அரிசி மாவுக்கு வறுத்து அரைத்த உளுத்தமாவு ஒன்றரை மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, எள், உப்பு, பெருங்காயம். இரண்டு மாவையும் இரண்டு தடவை சலிக்க வேண்டும், உப்பும் பெருங்காயமும் தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். கட்டியோ குருணையோ தங்கினால் எண்ணெயில் வெடிக்கும். பிள்ளைகள் உருண்டையை அழுத்தி அழுத்தி வழவழவென்று உருட்டுவார்கள், அதுவும் வெடிக்கும், ஆவி வெளியேற வழி இருக்காது. லேசாக உருட்டச் சொல்லுங்கள், விரிசல் இருந்தால் இருக்கட்டும். துணியில் போட்டு ஈரம் உலர்ந்தபிறகு முதலில் இரண்டை மட்டும் போட்டுப் பாருங்கள். அடுப்பு பக்கம் மட்டும் பிள்ளையை விடவேண்டாம்.

நம்பினவள் செய்கிறவளாக மாறுகிற அந்த ஒரு நாள் அவளுக்குக் கிடைத்திருக்கும். அந்த வீட்டில் இரண்டு வயசுத் தம்பி ஒருவன் இருக்கிறான், வீடியோவிலேயே ஓரத்தில் தெரிகிறான். அடுத்த வருஷம் அவனைக் குளிக்க அனுப்பிவிட்டு அக்கா வைத்திருப்பாள். இப்போது அவள் வைப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா அரிசி ஊறப்போடுவாளா என்றும் தெரியவில்லை.

அந்தப் பதிவைப் போட்டவர் இதைப் படிப்பார் என்று தெரியும், நமக்குப் பொது நண்பர்கள் நிறைய. விளக்கம் எதுவும் வேண்டாம். வீடியோவை எடுத்துவிடுங்கள்.