போல்ட்டு போடும் இடத்தையும் எழுதியிருக்கலாம்

பினாங்கு மாணவர்கள் கட்டும் சூரியசக்திப் பந்தயக் கார் பற்றிய கட்டுரையில், எடை குறைவுக்குக் காரணம் கார்பன் ஃபைபர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பாதிதான் உண்மை. கார்பன் ஃபைபரில் செய்த மெல்லிய தகடு தனியாக நின்றால் வளையும். இரண்டு தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் கொண்ட அடுக்கோ ஃபோமோ வைத்து ஒட்டினால்தான் விறைப்பு வரும். நடு அடுக்கின் தடிமனை இரட்டித்தால் விறைப்பு ஏறக்குறைய 4 மடங்கு. எடையோ கொஞ்சம்தான் ஏறும்.

சிக்கலே போல்ட்டு போடும் இடத்தில்தான். சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனை அங்கேதான் மாட்டுவார்கள், அது இழுக்கும் இழுப்பில் தேன்கூடு நசுங்கிவிடும். அங்கே மட்டும் அதை வெட்டியெடுத்துவிட்டு கெட்டியான துண்டு பதிக்க வேண்டும். அலுமினியத் துண்டு என்றால் கார்பனோடு நேராகத் தொடவிடாதீர்கள், இடையில் ஓர் அடுக்கு கண்ணாடி இழை போடுங்கள். இல்லாவிட்டால் நம்மூர் ஈரத்திலும் கடற்காற்றிலும் அலுமினியம் அரித்துப் பூத்துவிடும். கார்பன் அடுக்குகளை ஒட்டும் எப்பொக்சி பசை பூசும் அறைக்கு ஏர்கோனும் கேளுங்கள் தம்பிகளா, சொகுசு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். காற்றில் ஈரம் அதிகமானால் மேலே பிசுபிசுப்பு படிந்து அடுத்த அடுக்கு சரியாக ஒட்டாது.

டார்வினிலிருந்து அடிலெய்டுவரை சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடும் ஆஸ்திரேலியப் பந்தயம்தான் இலக்கு என்கிறீர்கள். கார் கவிழ்ந்தால் காப்பாற்ற ஓட்டுநரைச் சுற்றியுள்ள கூண்டு எஃகா, கார்பனா? அதைக் கட்டுரையில் காணோமே.