மாமி போனில் கேட்ட கேள்வி

மேற்கு மாம்பலத்தில் 12 வருடமாக பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன், கொக்கி ஊசியால் பூ வேலை செய்யும் ஆரி வேலையும் உண்டு. புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்கள், "அக்கா, விளம்பரத்தை எல்லாம் ஏஐகிட்டயே விட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு.

நானும் விட்டுப் பார்த்தவள்தான். போன வருடம் ஆடியில் கையில் வேலை இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் பிடிக்க வேண்டிய நேரமே அதுதான். ஏஐயிடம் சொல்லிப் பத்துப் பதிவு எழுதி வாங்கி, தினம் ஒன்றாக இன்ஸ்டாகிராமில் போட்டேன். 'உங்கள் கனவுத் திருமணத்துக்கு நேர்த்தியான கலைவண்ணம்' என்கிற மாதிரி வரிகள். நாலாம் நாள் பழைய வாடிக்கைக்கார மாமி போன் செய்தார். "கடையை யாருக்காவது கொடுத்துட்டியாம்மா? நீ பேசுற மாதிரியே இல்லையே." சுருக்கென்றது.

அன்று சாயங்காலமே, ஃப்ரேமில் மாட்டியிருந்த மயில் கழுத்து நிறப் பட்டுத் துணியை அப்படியே படம் எடுத்தேன். ஆரி ஊசி துணிக்குள் இறங்கி, அடியில் பிடித்திருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுக்குமே, அது மட்டும், 20 விநாடி. பாட்டு சேர்க்கவில்லை, ஊசி குத்தும் சத்தமே போதும். கீழே எழுதினேன்: "இந்த மாங்காய் டிசைன் ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆவணிக்கு வேண்டுமென்றால் ஆடிப்பெருக்குக்குள் துணி கொடுத்துவிடுங்கள்." அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வந்தார்கள். நங்கநல்லூரிலிருந்து ஒரு அம்மா மகளின் முகூர்த்தப் புடவையையே கையோடு எடுத்து வந்தார்.

ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கடை சாத்தியதும் அன்று எடுத்த அளவுகளையும் கொடுக்க வேண்டிய தேதிகளையும் வாயால் சொல்கிறேன், அட்டவணையாகப் போட்டுத் தருகிறது. நோட்டில் எழுத ஒரு மணி நேரம் ஆன வேலை. ஆனால் நீங்களே ஒரு தடவை சரிபாருங்கள். கை சுற்றளவு 11 என்பது 12 ஆனாலும் மறுபடி பிரித்துத் தைக்க வேண்டியதுதான். வாட்ஸ்ஆப் பிசினஸில் ஒவ்வொரு ஆர்டருக்கும் 'அளவு எடுத்தாச்சு', 'தையலில்', 'ரெடி' என்று லேபிள் போட்டுவிடுவேன். கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கக் காசே இல்லை. சேர்த்த பிறகு, துரைசாமி சப்வே தாண்டி எந்தப் பக்கம் என்று கேட்டு வரும் போன் நன்றாகக் குறைந்துவிட்டது. வாடிக்கையாளரிடம் பேசுவதை மட்டும் நாமே பேச வேண்டும்.

அப்புறம், ஃபாலோயர் எண்ணிக்கையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கோடு சேர்த்து 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் மட்டும் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போனது. அதிலிருந்து, கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் "என் நம்பரைப் பதிஞ்சு வெச்சுக்கோங்க" என்று கேட்டுவிடுகிறேன். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் நம் நம்பரைப் பதிந்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும், ஒரு பட்டியலில் 256 பேர்தான். எனக்கு ஒரு பட்டியல் நிறைந்து இரண்டாவது பாதியில் நிற்கிறது. என் ஒரு ஃப்ரேமுக்கும் இரண்டு மெஷினுக்கும் அது தாராளம். காலை வணக்கம் எல்லாம் அனுப்ப மாட்டேன். முகூர்த்த மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை, அவ்வளவுதான்.

லேபிள் போடத் தெரியவில்லை, மேப்பில் சேர்க்கத் தெரியவில்லை என்றால் தயங்காமல் வாருங்கள். மத்தியானம் 2 முதல் 4 வரை கடையில் கூட்டம் இருக்காது. உங்கள் போனை எடுத்துக்கொண்டு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தருகிறேன்.