இலவச இடம் எதுவரை?

‘கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடத்தில் எல்.கே.ஜி. சேர்ந்துவிட்டால் பிளஸ் டூ வரை கட்டணமே கிடையாது. ஆனால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும்’ என்று சொல்லப்படுவதில் இரண்டு பிழைகள் உள்ளன.

2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைதான் இலவசம் என்கிறது. என் மகள் எட்டாம் வகுப்பை முடித்த மே மாதத்தில், ஒன்பதாம் வகுப்புக்கான முழுக் கட்டணச் சீட்டைப் பள்ளி அலுவலகத்தில் கையில் கொடுத்தபோதுதான் எனக்கே இது உறைத்தது. அதுவரை வேன் கட்டணத்துக்கு மட்டுமே பணம் ஒதுக்கிப் பழகியிருந்தோம்.

வருமான வரம்பு, தமிழ்நாட்டில், பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவின்கீழ் விண்ணப்பிப்போருக்கு மட்டுமே உரியது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடியினக் குழந்தைகளும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவதால் அவர்களுக்கு அந்த வரம்பு இல்லை. சிறுபான்மையினர் பள்ளிகளில் இந்த ஒதுக்கீடே கிடையாது. உச்ச நீதிமன்றம் 2014-இல் அப்படித் தீர்ப்பளித்துவிட்டது.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. எட்டு வரை இந்த ஒதுக்கீட்டில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவர்களும் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதியுடையவர்கள் என 2020-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டமே சொல்கிறது.