சிறு நிறுவனத்துக்கு எந்த சர்வர் இயங்குதளம்?

சிறு தொழில் நடத்துபவர்கள் சர்வர் வாங்கும்போது முதலில் கேட்பது எந்த இயங்குதளம் மலிவு என்பதைத்தான். அந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும், பழுதானால் நம் ஊரில் பார்க்க ஆள் உண்டா என்ற இரண்டும் தெரிந்த பிறகே விலையைப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லினக்ஸ் வகை இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 8ஐ இலவசம் என்பதாலேயே நிறுவிய பல்லாயிரம் நிறுவனங்கள், அதற்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்று நம்பியிருந்தன. 2020 டிசம்பரில், அதை நடத்திவந்த ரெட் ஹேட் நிறுவனம் அந்தக் கெடுவை 2021 இறுதிக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்ப 2021இல் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன. இரண்டும் நன்றாகவே இயங்குகின்றன. ஆயினும் தனி ஐ.டி. பிரிவு இல்லாத ஒரு கடைக்கோ பட்டறைக்கோ நான் டெபியன் என்ற லினக்ஸையே முதலில் சொல்வேன். அது எந்த ஒரு நிறுவனத்தின் வணிக முடிவுக்கும் கட்டுப்பட்டதன்று. 1993 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் திருத்தங்கள் கிடைக்கின்றன. உங்கள் சர்வீஸ் இன்ஜினியருக்கு உபுண்டு என்ற லினக்ஸ் பழக்கம் என்றால் அதன் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பும் தாராளமாகப் போதும். அதற்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு.

விண்டோஸ் சர்வரை நான் வெறுப்பவன் அல்லன். ஆனால் அதன் விலைக் கணக்கை முழுமையாக யாரும் விளக்குவதில்லை. ஸ்டாண்டர்ட் பதிப்பில், எட்டு கோர் (செயலிக்குள் இருக்கும் கணிப்பு அலகு) உள்ள இயந்திரத்துக்கும் குறைந்தது 16 கோருக்கான உரிமம் வாங்க வேண்டும். அதன்மேல், சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பணியாளருக்கும் அல்லது ஒவ்வொரு கணினிக்கும் தனி அணுகல் உரிமம் வேண்டும். வேறு கணினியிலிருந்து சர்வரின் திரைக்குள் நுழையும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பலர் வேலை செய்ய வேண்டுமானால் அதற்கும் தனி உரிமம். கொட்டேஷனில் முதல் வரியை மட்டும் பார்த்துச் சம்மதித்தவர்களுக்கு மற்றவை பின்னால்தான் தெரியவருகின்றன. 25 பேருக்குள் உள்ள நிறுவனத்துக்கு அணுகல் உரிமம் தேவைப்படாத எசென்ஷியல்ஸ் பதிப்பு உண்டு. புதிய சர்வருடன் சேர்த்து வாங்கும்போது அதைக் கேட்டுப் பெறலாம்.

இந்தச் செலவைத் தவிர்க்கக் கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக்கொடுக்கும் பழக்கம் இன்னமும் இருப்பது எனக்கு உண்மையிலேயே கவலையளிக்கிறது. அப்படிப் போடுபவர்கள் பெரும்பாலும் அப்டேட்டையும் நிறுத்திவிடுகிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தம் போய்ச் சேராத கணினிகள்தான் பெருமளவில் மாட்டிக்கொண்டன.

"எங்களிடம் விண்டோஸுக்கான டேலி கணக்கு மென்பொருள் ஓடுகிறதே, லினக்ஸ் எப்படி ஒத்துவரும்?" என்ற கேள்வி நியாயமானது. ஈரோட்டில் பன்னிரண்டு கணினிகள் உள்ள ஒரு நூல் வியாபார அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். டேலியும் அதன் உரிமமும் கணக்காளர்களின் விண்டோஸ் கணினிகளிலேயே இருக்கும். தரவுக் கோப்புறை மட்டும் டெபியன் சர்வரில் சாம்பா வழியாகப் பகிரப்படும். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992இல் எழுதத் தொடங்கிய அந்த மென்பொருள் இருப்பதால், விண்டோஸ் கணினியில் அமர்ந்திருப்பவருக்கு அது வழக்கமான நெட்வொர்க் டிரைவாகவே தெரியும். பலர் ஒரே நேரத்தில் எழுதும் அந்தக் கோப்புறைக்கு மட்டும் ஆப்லாக்ஸ் (கோப்பின் நகலை அவரவர் கணினியிலேயே தற்காலிகமாக வைத்துக்கொள்ளும்) வசதியை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தரவு சிதைய வாய்ப்புண்டு. ஒருவேளை டேலியின் சர்வர் பதிப்பே தேவைப்பட்டாலோ, கிளை அலுவலகத்தினர் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து வேலை செய்ய வேண்டியிருந்தாலோ, தயங்காமல் விண்டோஸ் சர்வரை முறையாக விலை கொடுத்து வாங்குங்கள். அந்த இடத்தில் லினக்ஸைத் திணிப்பது உங்கள் பணியாளர்களுக்குச் செய்யும் தொல்லை.

உரிமத்தில் மிச்சமாகும் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடாதீர்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கும்படி இரண்டு டிஸ்க்குகள், ஒழுங்கான யுபிஎஸ், அலுவலகத்துக்கு வெளியே ஒரு பேக்கப் ஆகியவற்றுக்கு அது போகட்டும். கம்பெனியாகப் பதிவுசெய்து கணக்குகளை மின்னணு வடிவில் வைத்திருப்பவர்கள், அவற்றின் பேக்கப்பை நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியே திருத்தப்பட்டுவிட்டது. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை பழைய பில் ஒன்றை அதிலிருந்து மீட்டெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும்.

கொட்டேஷன் கேட்கும்போது, இயங்குதளத்தின் பதிப்பு எண்ணையும் அதன் ஆதரவு முடியும் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ரூட் (சர்வரின் முழு அதிகாரக் கணக்கு) கடவுச்சொல்லை வேலை முடிந்த அன்றே உறையிலிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சர்வரைப் போட்டுக்கொடுத்தவர் ஊர் மாறிப் போனாலும் அடுத்தவரைக் கொண்டு வேலையைத் தொடர அது வேண்டும்.